ஒரு ஊசி போதாதா?

அன்புள்ள கவினுக்கு,

நாய்க்குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட்டாயிற்று, டாக்டர் மறுபடியும் வரச் சொல்கிறாரே, எதற்கு என்று கேட்டிருந்தாய். பார்வோ வைரஸைப் பற்றித் தெரிந்தால் காரணம் விளங்கிவிடும்.

1978-க்கு முன் நாய்களில் இந்த நோயை யாரும் கண்டறிந்ததில்லை. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு மிக நெருக்கமான இந்த வைரஸ், இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. எதிர்ப்பு சக்தியே இல்லாததால் வளர்ந்த நாய்களும் மடிந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லேலண்ட் கார்மைக்கேலும் மேக்ஸ் ஆப்பலும் தடுப்பூசி உருவாக்கினார்கள். இன்று பெரும்பாலும் சிக்குவது ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குட்டிகள்தான்.

குடலின் உட்சுவர் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்காக வேகமாகப் பெருகும் செல்களைத்தான் பார்வோ தேடி அழிக்கிறது. சுவர் உரிந்துபோக, குடலுக்குள் இருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களோ எலும்பு மஜ்ஜையும் தாக்கப்பட்டதால் குறைந்துகிடக்கும். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல், நீரிழப்பு. சிகிச்சையில்லாத குட்டிகளில் பெரும்பாலானவை இறக்கின்றன. உடனே டிரிப்ஸ் ஏற்றி, தீவிரமாகக் கவனித்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

இனி உன் கேள்வி. தாயின் சீம்பால் வழியே வந்த எதிர்ப்பு சக்தி முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கும். ஆனால் தடுப்பூசியிலுள்ள வைரஸையும் அதுவே செயலிழக்கச் செய்துவிடும். அது எப்போது தேயும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈற்றுக் குட்டிகளிலும்கூட. நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் தடுப்பூசியை முடக்கப் போதுமான அளவில் அது நிற்கும் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை ஊசி போடுகிறார்கள். நடுவில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு.

எல்லா ஊசியும் போட்டு முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதே. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். சானிடைசருக்கு அது சாகாது. தரையை நன்றாகக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச் திரவத்தை 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும்.

குட்டி சாப்பிடாமல் சுருண்டு படுத்து வாந்தியும் எடுத்தால், வாயில் எதையும் புகட்டாமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. அடுத்த ஊசித் தேதியை அம்மாவிடமும் சொல்லிவை.

அன்புடன்,
சித்தப்பா