பழைய பிக்கப்பின் பின்னால் ஆள் ஏற்றுமுன்

பின்பக்கத் தொட்டியில் சீட் பொருத்த, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தை மீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. விபத்தில் காப்பீடும் கைவிரிக்கலாம். அனுமதி கிடைக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கிடைத்தால், மெத்தையை விடச் சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கவனியுங்கள். தொட்டித் தகட்டை, குறிப்பாகச் சக்கர வளைவையொட்டிய மூலைகளை, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் துரு தின்றிருந்தால் முனை உள்ளே இறங்கும். தகடு நன்றாக இருந்தாலும் சாதா வாஷர் போதாது, அகலமான இரும்புப் பட்டை கொடுத்துச் சேசிஸோடு இணையுங்கள். மோதும் கணத்தில் உடம்பு பல மடங்கு எடையோடு இழுக்கும், பட்டை இல்லாவிட்டால் தகடு கிழிந்து சீட்டே பெயர்ந்துவிடும். சீட் முன்பக்கம் பார்க்கட்டும். பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் இடுப்பைப் பிடித்தாலும் மேலுடம்பு பக்கவாட்டில் ஒடியும். மலைப்பாதையில் மெதுவாகத்தானே போகிறோம், கம்பிக்கூண்டும் இருக்கிறதே, பெல்ட் எதற்கு என்பார்கள். வண்டி உருள வேகம் தேவையில்லை. பெல்ட் போடாதவர் மண்டையைப் பிளப்பதே அந்தக் கம்பிதான். சைலன்சர் குழாயைத் தொட்டிக்கு வெளியே நீட்டுங்கள். பின்பக்கம் திறந்த தார்ப்பாய்க் கூரை புகையை உள்ளிழுக்கும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.