கடிகாரம் காட்டும் காலம்

பழம்பொருள் சேகரிப்பு என்பது பொருள்களைக் குவிப்பதன்று; அவற்றின் வரலாற்றைப் படிப்பதாகும். ஜப்பானியக் கைக்கடிகாரங்களைச் சேகரிப்போர் இதனை நன்கு அறிவர்.

1881இல் ஹட்டோரி கிண்டாரோ டோக்கியோவில் தொடங்கிய கடிகாரக் கடையே சீக்கோ நிறுவனத்தின் வித்து. ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான ‘லாரல்’ 1913இல் அவரது தொழிற்சாலையில் உருவானது. 1969இல் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான ‘அஸ்ட்ரான்’ விற்பனைக்கு வந்தது.

பழைய சீக்கோ கடிகாரங்களின் பின்மூடியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்த இலக்கம் மாதத்தையும் குறிக்கும். ‘73’ எனத் தொடங்கினால் மாதம் மார்ச். ஆண்டு 1967ஆ, 1977ஆ? அங்கேயே உள்ள நான்கு இலக்க இயந்திர எண் விடை தரும். 6139 எண்ணுடைய இயந்திரம் 1969இல் அறிமுகமாகி எழுபதுகளின் இறுதிவரை உருவாக்கப்பட்டது. எனவே, ஆண்டு 1977.

ஆயினும், எண் மட்டும் போதாது. பின்மூடி மாற்றப்பட்டிருக்கலாம், மங்கிய முகப்பு புதுவண்ணம் பெற்றிருக்கலாம். அழகு கூடும், சான்று அழியும். ஆகவே, தேர்ந்த சேகரிப்பாளர் புதுப்பித்த பொலிவினும் மாறாத பழமையையே போற்றுவர்.

புதிய கடிகாரங்களுக்கும் இது பொருந்தும். 1983இல் புதுமையாக வெளிவந்த கேசியோவின் ‘ஜி-ஷாக்’ இன்று தேடப்படும் பழம்பொருள். இன்றைய கடிகாரத்தை அதன் கையேட்டுடன் காப்பவர் நாளைய வரலாற்றுக்குச் சான்று சேர்க்கிறார்.