பழைய நிரலும் பத்தாயிரம் எச்சரிக்கைகளும்

பல பேர் கைபட்ட பழைய ப்ராஜெக்ட் உங்களிடம் வருகிறது. லிண்ட் கருவியை ஓடவிட்டதும் திரை முழுக்க எச்சரிக்கைகள். அத்தனையையும் ஒரே வாரத்தில் தீர்த்துவிட இறங்காதீர்கள். ஐயாயிரம் வரி மாற்றத்தை எந்த ரிவியூவரும் ஒழுங்காகப் படிக்க மாட்டார். படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது.

இன்று தொடும் வரிகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஃபேஸ்புக்கின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அங்கே இன்ஃபர் என்ற கருவி கண்டுபிடித்த பிழைகளை முதலில் பட்டியலாக்கி டெவலப்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. பிறகு, ஒருவர் தன் மாற்றத்தை ரிவியூவுக்கு அனுப்பும் அந்த நேரத்திலேயே கருவி ஓடும்படி செய்தார்கள். திருத்தப்பட்ட பிழைகளின் விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. எழுதிய சூடு ஆறுவதற்குள் சொன்னால் ஐந்து நிமிட வேலை. மூன்று மாதம் கழித்துச் சொன்னால், எழுதியவரே அந்த ஃபைலை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். சோனார்க்யூப் என்ற நிரல் ஆய்வுக் கருவியில் புதிய நிரலுக்கு மட்டும் தர வரம்பு வைக்கும் வசதி உண்டு. டீம் லீடிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

இடைவெளி, மேற்கோள்குறி போன்ற தோற்ற விஷயங்களுக்காக யாரும் வாதாட வேண்டாம். பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ப்ரிட்டியர் என்று வடிவமைப்புக் கருவிகளிடம் விட்டுவிட்டு, அந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள்.

கவனம் செலவழிக்க வேண்டியது உண்மையான பிழைகளில். பைத்தானில் ஒரு ஃபங்ஷனின் அளவுருவுக்கு இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்ட்டைக் கொடுத்திருப்பார்கள். பார்த்தால் சாதுவாக இருக்கும். ஆனால் அந்த லிஸ்ட், ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. அதில் எதையாவது சேர்த்தால் அடுத்த அழைப்பிலும் அது ஒட்டிக்கொண்டே வரும். இணையக் கடையில் ஒரு வாடிக்கையாளரின் பொருள் இன்னொருவரின் கூடையில் போய் விழுவது இப்படித்தான். டெஸ்ட்டில் ஒரே ஒரு முறை அழைத்துப் பார்த்தால் தெரியாது. பக்பேர் என்ற விதித்தொகுப்பை இயக்கி வைத்தால், ரஃப் என்ற பைத்தான் லிண்ட் கருவி இதை பி006 என்று உடனே பிடித்துக் காட்டும்.

தானே திருத்தித் தரும் வசதியும் ரஃப்பில் இருக்கிறது. நடத்தை மாறக்கூடிய திருத்தங்களை அது 'பாதுகாப்பற்றவை' என்று பிரித்து வைத்திருக்கிறது. நாமாகக் கேட்டால்தான் செய்யும். அந்த வகைத் திருத்தம் ஒவ்வொன்றையும் கண்ணால் படித்து, டெஸ்ட் ஓடவிட்டு, அப்புறம் மெர்ஜ் செய்யுங்கள். டெஸ்ட்டே இல்லாத பகுதியென்றால் முதலில் டெஸ்ட் எழுதுங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பில் நடந்தது காரணம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் நிரலில், தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகிறது என்று வால்கிரைண்ட் கருவி எச்சரித்தது. 2006இல் டெபியன் பதிப்பில் அந்த எச்சரிக்கைக்குக் காரணமான வரிகளை எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கை மறைந்தது. கூடவே, ரகசியச் சாவிகளுக்குத் தற்செயல்தன்மை ஊட்டிய வழியும் அடைபட்டது. மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். ஒவ்வொரு வகைச் சாவியிலும் சுமார் 32,000 சாத்தியங்களே இருந்தன. கணினி வைத்திருக்கும் யாரும் அத்தனையையும் முயன்று பார்த்துவிடலாம். 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் பாதிக்கப்பட்டது. உலகமெங்கும் நிர்வாகிகள் சாவிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

எனவே காரணம் புரியாத எச்சரிக்கையைத் தொடாதீர்கள்; அந்த வரியை எழுதியவரைக் கேளுங்கள். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் கிட் வரலாற்றைப் புரட்டுங்கள். எச்சரிக்கை தவறென்று உறுதியானால் அந்த ஒரு விதியை, அந்த ஒரு வரியில் மட்டும் அணைத்துவிட்டு, பக்கத்திலேயே காரணத்தை கமெண்ட்டாக எழுதுங்கள். காரணம் எழுதாமல் அணைக்கப்பட்ட விதியை ரிவியூவில் பார்த்தால், எழுதியவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.