மடிக்குள் மறைந்திருக்கும் நோய்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் விக்கிரவாண்டி. சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. பல வீடுகளில் கறவை மாடுகளும் உண்டு. அவ்வீட்டு மாணவர்களுக்கு இது பழகிய செய்தியாக இருக்கும். நேற்றுவரை நான்கு லிட்டர் கறந்த பசு இன்று மூன்றரை லிட்டர்தான் கறக்கிறது. தீனியில் குறைவில்லை, மாடு நன்றாக அசைபோடுகிறது. "யார் கண் பட்டதோ!" என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார்.

காரணம் மடிக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். அதுதான் மடிநோய்.

மடியின் அமைப்பு

பசுவின் மடி வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும், உள்ளே நான்கு தனித்தனி அறைகள் உள்ளன. ஓர் அறையின் பால் மற்றோர் அறைக்குச் செல்வதில்லை. ஆகவே ஒரு காம்பில் நோய் இருக்க, மற்ற மூன்றும் நலமாக இருக்கக்கூடும். ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியே ஓடவேண்டும் என்பது வியப்பூட்டும் செய்தி.

காம்பின் நுனியிலுள்ள துளையை ஒரு தசை வளையம், சுருக்குப்பையின் வாயைப் போல இறுக்கி மூடியிருக்கிறது. கறந்து முடித்தபின் அரை மணி நேரத்துக்கு மேலாகியும் அது முழுமையாக மூடிக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் மாடு சாணத்திலும் சேற்றிலும் படுத்தால், பாக்டீரியாக்கள் உள்ளே நுழைந்துவிடும். வெதுவெதுப்பான பால் அவை பெருகுவதற்கு ஏற்ற உணவு.

இரு வடிவங்கள்

நோய் முற்றினால் யாருக்கும் தெரியும். மடி வீங்கிச் சிவக்கும், தொட்டால் சுடும், மாடு உதைக்கும். பாலில் திரிதிரியாகக் கட்டிகளோ இரத்தமோ வரும். இதற்கு முந்தைய வடிவம்தான் ஆபத்தானது. அதில் மடியும் பாலும் பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். பால் மட்டும் சிறிது சிறிதாகக் குறையும். கவனியாது விட்டால் அந்த அறை கல்போல் இறுகி, காம்பு நிரந்தரமாகவே வற்றிவிடலாம். மூன்று காம்பில் மட்டும் பால் தரும் மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும்?

கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டறிவது?

பாக்டீரியாக்கள் நுழைந்ததும், அவற்றோடு போரிட இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் மடிக்குள் திரள்கின்றன. நலமான மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சத்துக்கும் குறைவான அணுக்களே இருக்கும். நோய் கண்டால் இது பல லட்சமாக உயரும். 1957-இல் அமெரிக்காவில் ஷாம், நூர்லாண்டர் என்னும் இருவர் இந்த உண்மையைக் கொண்டு 'கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை'யை வகுத்தனர். அதையே சலவைத் தூளைக் கொண்டு வீட்டிலும் செய்யலாம்.

செய்து பாருங்கள்

பெரியவர்களின் துணையோடு செய்யுங்கள். அரை லிட்டர் நீரில் 15 கிராம் சலவைத் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு கொட்டாங்கச்சிகளில் முன் வலம், முன் இடம், பின் வலம், பின் இடம் என்று குறியிடுங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதல் சில பீச்சல்களை வேறொரு பாத்திரத்தில் ஒதுக்கிவிட்டு, அடுத்து வரும் பாலில் இரண்டு தேக்கரண்டி அளவு அதற்குரிய கொட்டாங்கச்சியில் கறந்துகொள்ளுங்கள். பாலின் அளவுக்குச் சமமாகக் கரைசலை ஊற்றி, பத்து விநாடிகள் மெல்லச் சுழற்றுங்கள்.

கலவை நீர்போல் ஓடினால் நலம். முட்டையின் வெள்ளைக்கருபோல் குழகுழவென்று திரண்டால் அந்த அறையில் நோய் இருக்கிறது. சோதித்த கலவையைக் கொட்டிவிட்டுக் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். கன்று ஈன்ற முதல் வாரத்திலும், பால் வற்றும் காலத்திலும் இச்சோதனை சரியான விடை தராது. அப்போது அணுக்கள் இயல்பாகவே மிகுதி.

கலவை திரள்வது ஏன்? அணுவைச் சுற்றியுள்ள சவ்வில் கொழுப்புப் பொருள் உண்டு. எண்ணெய்க் கறையைப் போக்கும் சலவைத் தூள் அதையும் கரைக்கிறது. உள்ளிருந்து டி.என்.ஏ. வெளிப்படுகிறது. ஓர் அணுவின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இருக்கும்! இத்தகைய இழைகள் லட்சக்கணக்கில் சிக்கிக்கொள்வதே நீங்கள் காணும் குழகுழப்பு.

மருத்துவம்

காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் ஆன்டிபயாடிக் தந்தால், அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர்கூடச் சரியாகத் தோயாது. தயிரை ஆக்கும் பாக்டீரியாக்களையும் மருந்து கொன்றுவிடுகிறது அல்லவா? இம்மருந்துகளை அளவின்றிப் பயன்படுத்தினால், அவற்றுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் தோன்றும்.

இதனால் மூலிகை முறையும் ஆராயப்பட்டது. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இம்முறையைப் பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் அதை எடுத்துச் சென்றது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, நீரில் கரைத்து, முற்றிலும் பால் கறந்தபின் மடி முழுவதும் நாளுக்குப் பலமுறை பூசுவர். தொடக்க நிலையில் மருத்துவரின் ஆலோசனையுடன் செய்வதே நன்று.

பூனைக்கும் வரும்

குட்டி ஈன்ற பூனைக்கும் மடிநோய் வருவதுண்டு. ஒரு காம்பு மட்டும் சிவந்து சுட்டால், தாய் குட்டிகளை அண்டவிடாமல் விலகினால், மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதை மறந்தும் தரக்கூடாது.

வருமுன் காப்போம்

கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவித் துடையுங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறக்காமல் முழுக் கையால் கறக்கச் சொல்லுங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறப்பது நல்லது. கறந்து முடித்ததும் ஒரு கை வைக்கோலோ பசும்புல்லோ போடுங்கள். அதைத் தின்று முடிக்கும்வரை மாடு நின்றுகொண்டிருக்கும். அதற்குள் காம்பின் சுருக்கு இறுகிவிடும். காசு செலவில்லாத இந்த ஒரு கைத் தீனி, ஒரு காம்பையே காப்பாற்றக்கூடும்.