உறையாத பாலும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் விருந்துச் சோற்றின் முடிவில் எருமைத் தயிரும் சீனியும் இல்லையேல் உண்டவர் மனம் நிறைவதில்லை. ஆயினும் சிற்சில வேளைகளில், நன்றாய்க் காய்ச்சி உறையிட்ட பாலும் மறுநாட் காலையில் நீராகவே நிற்கும். உடனே உறைமோர் மீதும், சட்டியின் மீதும், சில வீடுகளிற் கண்ணூறின் மீதும் குற்றஞ் சாட்டப்படும். உறைமோர் பழுதாவதும் உண்டுதான். ஆனால் பட்டியில் எந்த மாட்டுக்காயினும் அண்மையில் மருந்து ஏற்றப்பட்டதா என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

மடியழற்சி கண்ட எருமைக்குப் பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்கொல்லி கொடுக்கப்படுகின்றது. அதன் ஒரு பங்கு பாலிற் கலந்து வெளிப்படும். ஒரு காம்பில் மட்டும் செலுத்தினும், இரத்தத்தின் வழியாக ஏனைய காம்புகளின் பாலிலும் சேரக்கூடும். பாலைத் தயிராக்குவதும் ஒருவகைப் பற்றீரியாவே. ஆதலால் நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து இதனையும் தாக்கும். காய்ச்சினாற் கிருமிகள் மாளும். மருந்தோ பெரும்பாலும் எஞ்சியே நிற்கும். பால் உறைந்துவிட்டதனால் மருந்தில்லை என்று துணியவும் கூடாது. சிறிதளவு மருந்து உறைதலைத் தடுப்பதில்லை.

தயிர் கெடுவது காசு நட்டம். இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. குறைந்த அளவு மருந்துக்கு உட்பட்ட கிருமிகளில் வலியவை தப்பிப் பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற வேளையிலேயே இவ்வாபத்தை எடுத்துரைத்தார். மருந்துக்கு அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும். எனினும் கழுவாத கை, பச்சைப்பால் பட்ட பாத்திரம், மூடாத சட்டி ஆகியவற்றின் வழியே ஆறிய பாலில் அது மீண்டும் புகுந்துவிடும். அதனாற் குழந்தை நோயுறுமாயின், வழக்கமான மருந்து பலியாது போகலாம். இத்தன்மையைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று வழங்கவும் வல்லன.

எனவே மருந்தேற்றிய நாளை எழுதி வைத்தல் வேண்டும். பாலை விலக்கும் காலம் மருந்துக்கு மருந்து வேறுபடும். மிருக வைத்தியர் குறிக்கும் நாள்வரை நான்கு காம்புகளின் பாலையும் புறம்பாகக் கறந்து கொட்டிவிடுக. வீண்போகின்றதே என்று கன்றுக்கு ஊட்டினால், அதன் குடலிலும் அடங்காத கிருமிகள் பெருகும். மீந்த மருந்தை அயற்பட்டிக்குக் கொடுப்பதும் தவறு. சேற்றிற் புரண்ட எருமையின் மடியைக் கறக்குமுன் கழுவித் துடைத்தால் மடியழற்சி குறையும். மருந்துச் செலவும் குறையும்.

மருந்தேற்றிய மாட்டின் பால் கலந்ததெனச் சந்தேகிக்கும் தயிரை, உறைந்திருந்தாலும், மறுநாளைக்கு உறைமோராக எடுத்தலாகாது.