ஹெட்போனுக்குத் தனி டி.ஏ.சி. வாங்க வேண்டுமா?

"லேப்டாப்பில் பாட்டு கேட்டால் அவ்வளவு நன்றாக இல்லை. யூ.எஸ்.பி.யில் மாட்டும் சின்ன டி.ஏ.சி. ஒன்று வாங்கலாமா?" கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலர் கேட்கும் கேள்வி இது. பெரம்பலூர், அரியலூர் நண்பர்கள் என்னிடமும் அடிக்கடி கேட்கிறார்கள். சாப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு கரண்டில் ஓடும் எல்லாமே தெரியும் என்பது ஊரில் உள்ள நம்பிக்கை!

இந்த இரண்டு ஊர்களிலும் கம்ப்யூட்டர் கடைகள் உண்டு. ஆனால் இந்தச் சாதனத்தைக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்கும் வசதி கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. கேட்காமல் வாங்கும்போது நமக்குத் துணை, அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்கள்தான். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால், இந்தச் சாதனம் தேவையா இல்லையா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரில் பாட்டு என்பது எண்களாகத்தான் இருக்கிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில் ஒரு நொடி ஒலி 44,100 அளவீடுகளாகப் பதியப்படுகிறது. ஒவ்வொரு அளவீடும் 16 பிட். இந்த எண்களை மின் அலையாக மாற்றும் பகுதிக்குத்தான் டி.ஏ.சி. என்று பெயர். டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர் என்பதன் சுருக்கம். அந்த மின் அலை வலுவில்லாதது. ஹெட்போனை இயக்கும் அளவுக்கு அதை வலுவாக்குவது ஆம்ப்ளிபயர். கடையில் விற்கும் சின்னச் சாதனத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இவை இரண்டும் உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கின்றன. முன்பெல்லாம் சவுண்ட் கார்டு தனியாக வாங்கி மாட்டினோம். இன்டெல் நிறுவனம் 1997-ல் ஏ.சி.97, 2004-ல் ஹெச்.டி. ஆடியோ என்ற வரையறைகளைக் கொண்டு வந்தது. அதன்பின் மதர்போர்டிலேயே ஒலிக்கான சிப் வருவது வழக்கமாகிவிட்டது. எனவே கேள்வி, "டி.ஏ.சி. வேண்டுமா?" என்பதல்ல. "இருக்கும் டி.ஏ.சி. போதாதா?" என்பதுதான்.

பணம் செலவழிக்கும் முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை: உங்கள் ஹெட்போன் வயர் உள்ளதா? புளூடூத் ஹெட்போன் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். புளூடூத்தில் எண்கள்தான் காற்றில் போகின்றன. அவற்றை ஒலியாக மாற்றும் டி.ஏ.சி.யும் ஆம்ப்ளிபயரும் ஹெட்போனுக்குள்ளேயே உள்ளன. வெளியே எவ்வளவு விலை உயர்ந்த டி.ஏ.சி. வைத்தாலும் அதற்குப் பயன் இல்லை. யூ.எஸ்.பி. பிளக் உள்ள ஹெட்செட்டுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது சோதனை: பாட்டு பைல் நன்றாக உள்ளதா? பழைய கேசட்டிலிருந்து எடுத்து, குறைந்த பிட் ரேட்டில் எம்.பி.3 ஆக மாற்றி, பென் டிரைவில் கை மாறி வந்த பாட்டில் தொலைந்துபோன ஒலியை எந்த டி.ஏ.சி.யும் திரும்பக் கொண்டு வராது. நன்றாகப் பதிவான ஒரு ஒரிஜினல் சி.டி. அல்லது கட்டணச் சேவையில் உயர் தரத்தில் வரும் ஒரு ஆல்பத்தைக் கேளுங்கள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போன்ற வாத்திய இசை ஆல்பம் இதற்கு நல்லது. வயலின்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் குழப்பம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். அது தெளிவாகக் கேட்டால் குறை உங்கள் பழைய பைலில் உள்ளது.

மூன்றாவது சோதனை: பாட்டு ஓடாதபோது ஹெட்போனில் இரைச்சல் வருகிறதா? வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரையும் வீட்டு எர்த்தையும். பேட்டரியிலும், மவுசை அசைக்கும்போதெல்லாம் கிர்ர் என்று கேட்டால் அது மதர்போர்டிலிருந்து வரும் இரைச்சல். இரண்டாவது வகைக்குத்தான் வெளியே மாட்டும் டி.ஏ.சி. நல்ல மருந்து.

எர்த்தைக் கவனியுங்கள்

லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுர்ர் என்று மெல்லிய அதிர்வு தெரிகிறதா? பழைய வீடுகளில் இது சகஜம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருப்பார்கள். அல்லது சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குள் எர்த் வயர் இருக்காது. சார்ஜருக்குள் உள்ள இரைச்சல் தடுப்பு கெப்பாசிட்டர்கள் எர்த் வழியாக வெளியேற்ற வேண்டிய மிகச் சிறிய கரண்ட், போக வழியில்லாமல் லேப்டாப்பின் உடலில் நிற்கிறது. எர்த் இல்லாதபோது அங்கே 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கூட மீட்டரில் காட்டும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சாதாரணமாக ஆபத்து இல்லை. ஆனால் இரைச்சலுக்கு அது போதும்.

நம் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் காய்ந்து வெடித்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக உள்வாங்காது. கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். மழைக்காலத்தில் இல்லாத இரைச்சல் சித்திரையில் வந்தால் குழியைப் பாருங்கள். சாக்கெட்டில் எர்த் உள்ளதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது நல்லது. நீங்களே கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. லேப்டாப்பை டி.வி.யுடனோ பெரிய ஆம்ப்ளிபயருடனோ இணைத்தால் மட்டும் உர்ர் என்ற ஹம் வருகிறது என்றால், அது இரண்டு சாதனங்களின் எர்த்தும் சேர்ந்து உண்டாக்கும் கிரவுண்ட் லூப். யூ.எஸ்.பி. வயரிலும் கிரவுண்ட் இணைப்பு இருப்பதால் சாதாரண டி.ஏ.சி. இதைத் தீர்க்காது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

இப்போது கணக்கு

ஹெட்போன் அட்டையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று இம்பீடன்ஸ். இது ஓம் என்ற அளவில் இருக்கும். மற்றொன்று சென்சிடிவிட்டி. 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதை இது சொல்லும்.

பல லேப்டாப்களின் ஹெட்போன் துளை அதிகபட்சமாகச் சுமார் 1 வோல்ட் தரும். சிலவற்றில் அரை வோல்ட்தான். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல் கூடும். 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும். கணக்கு இவ்வளவுதான்.

ஆடியோ டெக்னிகா ஏ.டி.ஹெச். எம்50எக்ஸ் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். 38 ஓம், 99 டெசிபல். 1 வோல்ட் கொடுத்தால் 1 × 1 ÷ 38 = 0.026 வாட், அதாவது 26 மில்லிவாட். 26 மடங்கு என்பது சுமார் 14 டெசிபல். ஆக 99 + 14 = 113 டெசிபல். இது காதைப் பிளக்கும் சத்தம். இதற்குத் தனி ஆம்ப்ளிபயர் தேவையே இல்லை.

அடுத்து பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ. இது 32, 80, 250 ஓம் என்று மூன்று வகைகளில் வந்துள்ளது. 250 ஓம் வகையின் சென்சிடிவிட்டி 96 டெசிபல். 1 வோல்ட்டில் கிடைப்பது 4 மில்லிவாட்தான். 96 + 6 = 102 டெசிபல். அரை வோல்ட் லேப்டாப்பில் இது 96 ஆக இறங்கிவிடும். பாட்டின் உச்ச இடங்கள் சராசரியைவிட 15, 20 டெசிபல் உயரும் என்பதால், மெதுவாகப் பதிவான கச்சேரியிலும் சினிமாவிலும் வால்யூமை முழுதாக வைத்தும் போதவில்லை என்று தோன்றும். இங்கே 2 வோல்ட் தரும் சாதனம் வாங்கினால் 16 மில்லிவாட், அதாவது 108 டெசிபல் கிடைக்கும். வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நினைவில் வைக்க எளிய விதி: 1 வோல்ட்டில் 110 டெசிபல் தாண்டினால் ஆம்ப்ளிபயர் வேண்டாம். 105-க்குக் கீழே வந்தால் யோசிக்கலாம். சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்குப் பதில் 1 வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று நேரடியாகவே போடுகின்றன. 300 ஓம் உள்ள சென்ஹைசர் ஹெச்.டி. 650-க்கு 1 வோல்ட்டில் 103 டெசிபல் என்று போட்டிருப்பது அப்படித்தான். அங்கே கணக்கே தேவையில்லை. எந்த அளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸிலும் ரயிலிலும்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் வரை பஸ்ஸில் போய்த்தான் சென்னை ரயிலைப் பிடிக்கிறோம். சிமென்ட் லாரிகள் ஓடும் அந்தச் சாலையில், ஜன்னல் திறந்த பஸ்ஸுக்குள் இரைச்சல் 70 டெசிபலைத் தாண்டும். அங்கே சத்தம் போதவில்லை என்று ஆம்ப்ளிபயர் வாங்குவது, இரைச்சலுக்கு மேல் கத்துவதற்குச் சமம். காதுத் துளையை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போனை வாங்குங்கள். வெளிச் சத்தம் குறைந்தால் குறைந்த வால்யூமிலேயே எல்லாம் கேட்கும்.

வாங்குவது என்று முடிவு செய்தால்

1. அவுட்புட் இம்பீடன்ஸ்: இது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். அதிகமானால் சில இயர்போன்களில் ஒலியின் தன்மையே மாறிவிடும்.

2. பவர்: "100 மில்லிவாட்" என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். எத்தனை ஓமில் என்று பாருங்கள். உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு அருகில் உள்ள எண்தான் உங்களுக்கு உரியது.

3. 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடுகிறது. 16 பிட்டிலேயே 96 டெசிபல் ஏற்ற இறக்கம் கிடைக்கிறது.

4. 3.5 எம்.எம். துளை இல்லாத மொபைலுக்கும் பயன்படுத்தப் போகிறீர்களா? டைப் சி அடாப்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டி.ஏ.சி. உள்ளது. மற்றொன்று வெறும் வயர். வெறும் வயர் வகை பல மொபைல்களில் வேலை செய்யாது. "டி.ஏ.சி. உள்ளது" என்று தெளிவாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள்.

5. பில், வாரண்டி, திருப்பி அனுப்பும் நாள் கணக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே சோதியுங்கள்.

இணைப்பது எப்படி?

வால்யூமைக் குறைத்துவிட்டு யூ.எஸ்.பி.யில் மாட்டுங்கள். 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து பெரும்பாலான டி.ஏ.சி.களுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோஸ் 11-ல் டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் செல்லுங்கள். அவுட்புட் பகுதியில் புதிய சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயர் மீது கிளிக் செய்தால் ப்ராப்பர்டீஸ் பக்கம் திறக்கும். அங்கே ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆப் செய்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஹெட்போனை மறக்காமல் லேப்டாப்பின் பழைய துளையிலிருந்து கழற்றி புதிய சாதனத்தில் மாட்டுங்கள்!

கடைசியாக, காது

ஆம்ப்ளிபயர் வாங்கிய பிறகு தேவைக்கு மேல் சத்தம் கையில் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த அளவின்படி பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பானது. குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடினால் இந்த நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரம் 5 மணி நேரம்தான் மிச்சம். டி.ஏ.சி. பழுதானால் வேறு வாங்கலாம். காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வீட்டில் ஹெட்போனைப் பிள்ளைகளும் எடுப்பார்கள் என்றால் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டே எழுந்திருங்கள்.

இன்று இரவே உங்கள் ஹெட்போன் அட்டையைத் தேடி எடுத்து, அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பலருக்கு விடை "வேண்டாம்" என்றே வரும். வேண்டும் என்று வந்தால் எத்தனை வோல்ட், எத்தனை ஓம் என்று தெரிந்தே வாங்குவீர்கள்.