ஜூன் மாதத்துப் பழமும் சூடான ஷார்ட்கேக்கும்

ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக் என்றதும் பலருக்கும் பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற கிரீம் கேக்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பழப் பருவத்தில் வீடுகளில் செய்யும் ஷார்ட்கேக் வேறு வகை. வெண்ணெய் மணக்கும், அதிகம் இனிக்காத, உதிர்கிற பதத்தில் சுட்ட சிறு வட்டங்கள். சூட்டோடு இரண்டாகப் பிளந்து, நடுவில் சர்க்கரையில் ஊறிய பழம், மேலே கிரீம். நியூஜெர்சியில் குடியேறிய பிறகு இதைக் கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் ஜூன் மாதத்துக்கென்றே உள்ள பலகாரம் இது.

இதன் வேர் மிகப் பழையது. நாராகான்செட் பழங்குடி மக்களின் மொழியைப் பற்றி ரோஜர் வில்லியம்ஸ் 1643இல் ஒரு நூல் எழுதினார். காட்டு ஸ்ட்ராபெர்ரியை உரலில் இடித்து, மாவில் கலந்து அவர்கள் ரொட்டி செய்வதை அதில் குறித்திருக்கிறார். அந்தப் பழம் மிகச் சிறியது. இன்று நாம் உண்ணும் பெரிய பழம் பிரான்சில் பிறந்த கலப்பினம். ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் 1714இல் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கொண்டுவந்தார். வட அமெரிக்கச் செடிகளின் அருகே அவற்றை நட்டபோது மகரந்தம் கலந்து புதிய இனம் உருவானது. அதன் பிறப்பை 1766இல் துஷேன் என்ற தாவரவியலாளர் விளக்கினார்.

ஷார்ட்கேக்கின் தெளிவான முன்னோடியை பிலடெல்பியாவின் எலைசா லெஸ்லி 1847இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் காணலாம். மாவில் வெண்ணெயைப் பிசறி, முட்டை சேர்த்து, வட்டமாகச் சுட்டு, பிளந்து, சர்க்கரை சேர்த்து மசித்த பழத்தை நடுவில் வைக்கச் சொல்கிறார். மேலே கிரீமுக்குப் பதில் சர்க்கரைப் பூச்சு. பிறகு 1856இல் ஹார்வர்டு வேதியியலாளர் ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு பேக்கிங் பவுடருக்கான காப்புரிமை பெற்றார். முட்டையோ ஈஸ்ட்டோ இல்லாமல் கால் மணி நேரத்தில் மாவை உப்பச் செய்வது இன்னும் எளிதானது. ரயில்களும் பழத்தைத் தோட்டத்திலிருந்து நகரங்களுக்குக் கொண்டுசேர்க்க, சாதாரண வீடுகளின் மேசைக்கும் ஷார்ட்கேக் வந்தது.

இனி செய்முறை. ஆறு பேருக்கான அளவு இது.

பழம்: நான் முதலில் பார்ப்பது பழத்தின் தோள்பட்டையை, அதாவது காம்பின் இலையை ஒட்டிய பகுதியை. அங்கே வெள்ளையாக இருந்தால் எடுக்க மாட்டேன். பறித்த பிறகு ஸ்ட்ராபெர்ரியின் நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு கூடாது. காம்போடு கழுவி, பிறகே காம்பை நீக்குங்கள். முதலிலேயே நீக்கினால் தண்ணீர் உள்ளே புகுந்து சுவை நீர்த்துவிடும். அரை கிலோ பழத்துக்கு 50 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு. மூன்றில் ஒரு பங்கை மசித்து, மீதியைத் துண்டுகளாக்கிக் கலந்து வெளியிலேயே முக்கால் மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுக்கும். கிண்ணத்தின் அடியில் சிவந்த பாகு சேர்ந்து, துண்டுகளின் வெட்டிய ஓரம் பளபளக்கும்போது பதம் சரி. இந்தச் சாறுதான் பலகாரத்தின் உயிர்.

மாவு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 40 கிராம், உப்பு அரை டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 90 கிராம், குளிர்ந்த பால் சுமார் 160 மி.லி. வெண்ணெயை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கேரட் துருவியில் துருவுவது எனக்குக் கைவந்த வழி. விரல் சூட்டில் உருகாமல் மாவோடு கலந்துவிடும். அந்தச் சிறு துண்டுகள் ஓவனில் உருகும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை விலக்கும். அதனால்தான் அடுக்கடுக்காக வருகிறது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் இறுகிவிடும். ஓர் அங்குலக் கனத்தில் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி எடுங்கள். அச்சைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து எழும். 220 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம், மேல்புறம் பொன்னிறமாகும்வரை சுடுங்கள்.

கிரீம்: 35 சதவீதம் அல்லது அதற்கு மேல் கொழுப்புள்ள பால் கிரீம் 240 மி.லி. நம் ஊரில் பாக்கெட்டில் கிடைக்கும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீம் எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. கிரீமும் பாத்திரமும் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். ஒரு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை சேர்த்து அடித்து, கரண்டியைத் தூக்கினால் நுனி லேசாகத் தலைசாயும் நிலையில் நிறுத்துங்கள். சற்று அதிகமாகித் திரிதிரியாகத் தொடங்கினால் அடிக்காத கிரீம் இரண்டு கரண்டி ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் பழத்தை ஊறவையுங்கள். அது ஊறும் நேரத்தில் மாவு, மாவு வேகும் நேரத்தில் கிரீம். வெந்த வட்டத்தைக் கத்தியால் வெட்டாமல் முள்கரண்டியால் பிளந்தால் உட்புறம் கரடுமுரடாக இருக்கும். சாற்றை நன்றாக உறிஞ்சும். கீழ்ப்பாதியில் பழமும் சாறும், அதன்மேல் கிரீம், பிறகு மேல்பாதி. அடுக்கியதும் பரிமாறுங்கள். அரை மணி நேரம் காத்திருந்தால் எல்லாம் நொதநொதத்துவிடும்.

விருந்தினர் வருவதாக இருந்தால் வெட்டிய வட்டங்களைச் சுடாமலேயே முதல்நாள் ஃப்ரீசரில் வைத்துவிடலாம். அப்படியே எடுத்துச் சுட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மகாபலேஷ்வர் பழம் வரும் குளிர்காலத்தில் செய்து பாருங்கள். வாங்குமுன் ஒன்றைச் சுவையுங்கள். புளிப்பு சற்றுத் தூக்கலாக இருந்தால் சர்க்கரை சரிசெய்துவிடும். ஆனால் மணமே இல்லாத பழத்தை எந்தக் கிரீமும் காப்பாற்றாது. அன்றைக்கு வேறு இனிப்பு செய்யுங்கள். ஷார்ட்கேக்கை நல்ல பழம் கிடைக்கும் நாளுக்கு வையுங்கள்.